தொட்டில் அறையில் திருவிருந்து

ஐந்தாம் வகுப்பு டீச்சர் ஆலயத்துக்கு வராத ஞாயிறு கிடையாது. ஆனால் சில மாதங்களாக, அப்பமும் திராட்சை ரசமும் தரும் திருவிருந்து வாங்க எல்லோரும் எழுந்து போகும்போது, அவள் மட்டும் இடித்த புளி மாதிரி உட்கார்ந்திருந்தாள். கல்லாகிப்போன மனசோடு அந்த அப்பத்தைத் தொடக்கூடாது, தனக்கு இனி அந்தப் பந்தியில் இடமில்லை என்று அவளாகவே தீர்ப்பு எழுதிக்கொண்டாள். டீச்சர் இல்லையா, தனக்கும் மார்க் போடாமல் இருக்க முடியுமா?

தாயைப் பறிகொடுத்த சிறுமி ஒருத்தி பள்ளிக்குத் திரும்பிய அன்று, நேரே இவள் மேசையருகே வந்து நின்றாள். நடந்தது இவளுக்குத் தெரியும். தெரிந்தும் வாய் என்ன கேட்டது?

"லீவ் லெட்டர் எங்க?"

பிள்ளை பைக்குள் கைவிட்டுத் தேடத் தொடங்கியது. இவளுக்கு நெஞ்சு பதறியிருக்க வேண்டும், பதறவில்லை. வீட்டுக்குப் போய் அழ முயன்றாள். கொட்டாவிதான் வந்தது.

வராமல் என்ன செய்யும்? நாள் முழுக்கப் பிள்ளைகளின் கூச்சல், மூட்டை மூட்டையாய் விடைத்தாள், தலைமையாசிரியரின் ஏச்சு, வீட்டில் படுத்த படுக்கையாய் மாமியார். போதாக்குறைக்கு ஞாயிறு பள்ளியையும் சபையார் இவள் தலையிலேயே கட்டியிருந்தார்கள். டீச்சர்தானே, பழகின வேலைதானே என்றார்கள். குட்டக் குட்டக் குனிந்தால் உலகம் சும்மா விடுமா?

அந்த ஞாயிறு, பிள்ளைகளுக்குக் கதை சொல்ல எழுந்தவள் வாயைத் திறந்தபடியே நின்றுவிட்டாள். என்ன கதை என்றே நினைவில்லை. வாசலில் நின்று பார்த்த போதகரின் மனைவி, போதகரம்மா, புத்தி சொல்லவில்லை, வசனமும் சொல்லவில்லை. கையைப் பிடித்துப் பின்னறைக்குக் கூட்டிப்போனார். ஆராதனை முடியும்வரை கைக்குழந்தைகளைத் தூங்கவைக்கும் அறை அது.

பாயில் உட்கார்ந்ததும் டீச்சர் வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல எல்லாவற்றையும் ஒப்பித்தாள்: லெட்டர் கேட்டது, அழுகை வராதது, திருவிருந்தை விட்டது. குரலில் ஏற்ற இறக்கமே இல்லை.

"படுங்க டீச்சர். வகுப்ப நான் பாத்துக்கறேன்," என்று மின்விசிறியைப் போட்டுவிட்டுப் போனார் போதகரம்மா.

இந்தப் பக்கம் ஒரு தொட்டில், அந்தப் பக்கம் ஒரு தொட்டில், நடுவில் டீச்சர். சுவருக்கு அப்பால் பாட்டும் பிரசங்கமும் நடந்தது எதுவும் அவளுக்குத் தெரியாது. குழந்தைகள்கூட அழுது எழுந்து தாய்மாரோடு போய்விட்டன, இவள் எழவில்லை.

கண் விழித்தபோது எதிரே போதகர் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். வீட்டோடு கிடக்கும் நோயாளிகளுக்குத் திருவிருந்து கொண்டுபோகும் சின்னப் பெட்டி மடியில் திறந்திருந்தது.

டீச்சர் பதறி எழுந்து புடவையைச் சரிசெய்தாள். தான் நோயாளி இல்லையே என்றாள். தனக்குத் தகுதியில்லை, உள்ளே எதுவுமே தோன்றவில்லை என்றாள்.

போதகர் தலையை நிமிர்த்தாமல் அப்பத்தைப் பிட்டார்.

"படுக்கையில கெடக்கறவங்ககிட்ட என்ன தோணுதுன்னு நான் கேக்கறதில்லம்மா. வாயத் திறங்கன்னு மட்டும்தான் சொல்லுவேன்."

அவள் வாயைத் திறந்தாள்.

கண்ணீர் வரவில்லை. ஒளியும் தெரியவில்லை. அப்பம் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ரசத்தை ஒரு மிடறு குடித்து விழுங்கினாள். போதகர் பெட்டியை மூடினார். அவள் பாயிலேயே உட்கார்ந்திருந்தாள். தனக்கென்று எதையும் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்ததால், கேட்பதற்கு நேரம் பிடித்தது.

"பாஸ்டர், அடுத்த வாரமும் இங்க படுத்துக்கலாமா?"

பாயைச் சுருட்ட வந்த போதகரம்மா, அதை விரித்தபடியே விட்டுவிட்டுப் போனார்.