யாரும் விழாத பேருந்து

அவள் வரைகிற மனிதர்களுக்கெல்லாம் தலை ஒரு வட்டம், உடம்பு ஒரு கோடு, கைகால் நாலு கோடு. கணினி விளையாட்டு வடிவமைப்புப் படிப்பில் சேர்ந்த முதல் வாரமே வகுப்பில் அவளுக்குக் 'குச்சி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஆளும் ஒல்லி என்பதால் பெயர் சட்டென்று ஒட்டிக்கொண்டது. அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவளுக்குப் புரோகிராம் எழுதத் தெரியும். மற்றவர்கள் நாள் முழுக்க மண்டையை உடைத்துக்கொள்ளும் பிழையை, கையிலிருக்கும் டீ ஆறுவதற்குள் கண்டுபிடித்துவிடுவாள். படம் வரைய வேறு யாராவது கிடைப்பார்கள் என்று நினைத்திருந்தாள்.

ஆனால் அந்தப் படிப்பில் ஓவிய வகுப்பு கட்டாயம். மாடியறையின் நடுவில் ஒரு பழைய மர நாற்காலியைப் போட்டு, சுற்றி உட்கார்ந்து அதை வரையச் சொன்னார் ஓவிய டீச்சர். குச்சியைவிட ஏழெட்டு வயதுதான் அவருக்குக் கூட இருக்கும். குச்சி மளமளவென்று வரைந்து முடித்துப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"முடிச்சுட்டேன் மேடம். போகலாமா?"

டீச்சர் தாளை வாங்கிப் பார்த்தார். "எத்தனை கால் போட்டிருக்க?"

"நாலு."

"நீ உக்காந்திருக்கிற இடத்துலேர்ந்து எத்தனை தெரியுது?"

குச்சி நிமிர்ந்து பார்த்தாள். மூன்றுதான் தெரிந்தது. மற்றொன்று முன்காலுக்குப் பின்னால் முழுசாக ஒளிந்திருந்தது.

"நாற்காலின்னா நாலு கால்தானே மேடம்?"

"பேருல நாலு இருக்கு. நீ பேரைத்தான் வரைஞ்சிருக்க. உக்காரு, இப்ப நாற்காலியை வரை."

எரிச்சலோடுதான் உட்கார்ந்தாள். அன்று வீட்டுக்குத் திரும்பும் பேருந்தில், கம்பியைப் பிடித்திருந்த ஒரு கையில் எத்தனை விரல் தெரிகிறது என்று தன்னையறியாமல் எண்ணிக்கொண்டிருந்தாள். அந்த எரிச்சல் எப்போது போனது என்று அவளுக்கே தெரியாது.

விளையாட்டு வடிவமைப்பு வகுப்பில் அவள் ராணி மாதிரி நுழைந்தாள். அவளுடைய அம்மா நகரப் பேருந்து ஓட்டுகிறவர். அதனால் அவள் செய்த முதல் விளையாட்டும் பேருந்துப் பந்தயம்தான்: இடிக்காமல் வளைத்து, முந்தி, நேரத்துக்குள் கடைசி நிறுத்தத்தை அடைய வேண்டும். அந்த வகுப்பில் ஒரு விதி உண்டு. பிறர் விளையாடிப் பார்க்கும்போது, செய்தவர் வாயைத் திறக்கக் கூடாது. குச்சியால் அது முடியவில்லை. "இடதுபக்கம் திருப்பு", "அதைத் தொடாத", "கொஞ்சம் பொறு, அடுத்த கட்டம் நல்லாருக்கும்" என்று பின்னால் நின்று பேசிக்கொண்டே இருந்தாள்.

வகுப்பெடுத்த சார் சிரிக்காமல் கேட்டார். "இதை வாங்குறவங்க வீட்டுக்கெல்லாம் நீயும் கூடவே போவியாம்மா?"

வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்துவைத்தாள். ஆனால் அடுத்து அவர் கேட்டதுதான் உறைத்தது.

"இதுல பஸ் எதுக்கு? லாரின்னு வெச்சாலும் இதே ஆட்டம்தானே?"

விளையாடிப் பார்த்தவர்கள் "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு அவரவர் கைப்பேசியை எடுத்துக்கொண்டார்கள். திட்டியிருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

அந்தச் சமயத்தில் ஓவிய டீச்சர் அசைகிற மனிதர்களை வரைந்து வரச் சொல்லியிருந்தார். அசைகிற மனிதர்களுக்கு எங்கே போவது? குச்சி அம்மாவின் பேருந்தில் ஏறி, பின்பக்க இருக்கையில் உட்கார்ந்துகொண்டாள். முதலில் எல்லாமே கிறுக்கல்தான். வண்டி குலுங்கும், கோடு எங்கேயோ ஓடும். வரைந்த ஆள் பாதியில் இறங்கிப் போய்விடுவார். ஆனாலும் அவள் விடவில்லை. வகுப்பு இல்லாத நேரமெல்லாம் பேருந்திலேயே கிடந்தாள். நாள்போக்கில் முகத்தை விட்டுவிட்டுக் காலை மட்டும் வரையத் தொடங்கினாள். நிற்கிறவர்கள் காலால்தான் நிற்கிறார்கள் என்பது அப்போதுதான் அவளுக்குப் பிடிபட்டது. தூங்குகிற குழந்தையைத் தோளில் போட்டிருந்த ஒருவர், ஒரு காலைக் குறுக்கே அகட்டி வைத்து நின்றார். ஒரு பெரியவர் கம்பியைத் தொடவே மாட்டார், இருக்கையின் முதுகைத்தான் பிடிப்பார். கேக் பெட்டியோடு வந்த பெண், முழங்காலை லேசாக மடித்துப் பெட்டியைக் குலுங்காமல் வைத்திருந்தாள்.

ஒருநாள் அம்மாவுக்கு விடுப்பு. குச்சி வேறொருவர் ஓட்டிய வண்டியில் ஏறினாள். அன்று வரைந்த படங்களில் எல்லோருடைய குதிகாலும் தரையைவிட்டு எழும்பியிருந்தது. விரல்கள் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தன. வீட்டுக்கு வந்து பழைய தாள்களை எடுத்துப் பக்கத்தில் பரப்பினாள். அம்மாவின் வண்டியில் ஒரு குதிகால்கூட எழும்பவில்லை.

சமையலறை வாசலில் போய் நின்று அம்மாவைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"என்னடி, புதுசா பாக்கிற மாதிரி பாக்கிற?"

"ஒண்ணுமில்லம்மா. நீ நல்லா ஓட்டுற."

"அதைப் போய் எங்க மேலதிகாரிகிட்ட சொல்லு. நேரமாகுதுன்னு என்னைத்தான் திட்டுறார்."

மறுநாள் பந்தய விளையாட்டைத் தூக்கிப் போட்டாள். அவளோடு சேர்ந்து வேலை செய்த பெண்ணுக்கு வகுப்பில் 'சத்தம்' என்று பெயர். விளையாட்டுகளுக்கு ஒலி அமைப்பவள், ஆனால் வாயைத் திறந்து பேசுவது அபூர்வம். அன்று அவளே பேசிவிட்டாள்.

"நம்ம ஆட்டத்தை எல்லார் முன்னாடியும் வைக்கிற இறுதிக் கண்காட்சிக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கு. உனக்கென்ன பைத்தியமா?"

குச்சி தாள்களை மேசையில் பரப்பினாள். "வேகமா போறது ஆட்டமில்ல. நிக்கிறவங்க யாரும் விழாம கொண்டுபோய்ச் சேக்கணும். அதான் ஆட்டம்."

சத்தம் ஒவ்வொரு தாளாக எடுத்துப் பார்த்தாள். "கைப்பிடி கிரீச்னு கத்துமே, அதை நான் பதிவு பண்ணிட்டு வரேன்" என்றாள்.

முதல் வடிவம் தயாரானதும் குச்சி அதைக் கைப்பேசியில் ஏற்றி அம்மாவிடம் கொடுத்தாள். அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு சம்பிரமமாக உட்கார்ந்தார். முதல் நிறுத்தத்திலேயே பயணிகள் அத்தனை பேரும் சரிந்து விழுந்தார்கள். இரண்டாம் முறையும் அப்படியே. குச்சி உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். ஒரு வார்த்தை பேசவில்லை. பேச வந்ததையெல்லாம் விழுங்கிவிட்டு, அம்மாவின் விரலையும் முகத்தையும் மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இத்தனை வருஷத்துல ஒரு ஆளை விழ வெச்சதில்ல. இங்க ஊரையே கவுத்துட்டேன்" என்று சொல்லிக் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தார் அம்மா.

அம்மாவின் கட்டைவிரல் ஒவ்வொரு முறையும் பிரேக்கை அழுத்தத் தாமதமானதைக் குச்சி கவனித்திருந்தாள். பயணிகள் நேராக நிற்கிறார்கள், திடீரென்று விழுகிறார்கள். விழப்போகிறார்கள் என்பதற்கு முன்கூட்டியே எந்த அடையாளமும் இல்லை. அந்த அடையாளம் அவள் வரைந்த தாள்களிலேயே இருந்தது. குதிகால் மெல்ல எழும்பும், விரல் இறுகும், முழங்கால் மடியும். ஒவ்வொரு பயணிக்கும் அந்த அசைவுகளை அவளே வரைந்தாள். விரல் நோகும்வரை வரைந்தாள். சத்தம் அவற்றுக்குக் கைப்பிடியின் முனகலைச் சேர்த்தாள்.

இறுதிக் கண்காட்சியில் முதல் பரிசு, தீ கக்கும் பறவைகள் பறக்கிற ஒரு சண்டை விளையாட்டுக்குப் போனது. பார்க்க அவ்வளவு அழகாக இருந்ததால் குச்சியே எழுந்து நின்று கைதட்டினாள். ஆனால் அவளுடைய மேசை முன்னால்தான் வரிசை கலையவில்லை. விளையாடுகிறவர்கள் தங்களை அறியாமல் உடம்பைச் சாய்த்தார்கள், மூச்சைப் பிடித்தார்கள். அவள் கையைக் கட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றாள்.

விளையாட்டு நிறுவனம் ஒன்றை நடத்தும் பெண்மணி வந்தார். தோற்றார், மறுபடி விளையாடினார், அதன்பிறகும் நகரவில்லை.

"இந்தப் பெரியவர் மட்டும் ஏன் விழவே மாட்டேங்கிறார்? கோளாறா?"

"இல்ல மேடம். அவர் சீட்டோட முதுகைப் பிடிச்சிருக்கார். அப்படி நிக்கிறவங்க விழறதில்ல. நான் பாத்திருக்கேன்."

"படமெல்லாம் வரைஞ்சது யாரு?"

"நான்தான்."

"புரோகிராம்?"

"அதுவும் நான்தான். ஒலி இவ."

சத்தத்தின் கையைப் பிடித்து அவளை முன்னால் இழுத்துவிட்டாள். அந்தப் பெண்மணி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "வர்ற வாரம் ரெண்டு பேரும் ஆபீசுக்கு வாங்க" என்றார்.

இருவருக்கும் வேலை கிடைத்தது. படிப்பு முடிந்துவிட்டதால், ஓவிய வகுப்புக்குப் போகச் சொல்லி இப்போது அவளை யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. ஆனாலும் வேலை முடிந்ததும் வாரம் ஒருமுறை அந்த மாடியறைக்குப் போய், புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளின் நடுவில் உட்கார்ந்துகொள்கிறாள். முகங்கள் அவளுக்கு இன்னும் சரியாக வருவதில்லை. போன வாரம் பக்கத்திலிருந்த பெண்ணை வரைந்து காட்டினாள்.

"இது நானா?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"இன்னும் இல்ல. கொஞ்சம் திரும்பி உக்காரு" என்று சொல்லிப் புதுத் தாளை எடுத்தாள்.