முள் ஏறட்டும்

...மோட்டார் போய்விட்டதாம், பார்த்தானா, தொட்டானா, ஊர்க்கோடி மேட்டுப்பாளையத்து ஷெட்டில் உட்கார்ந்து டீ குடித்தபடி போனிலேயே வண்டிக்கு நாடி பிடிக்கிறான் மெக்கானிக் கண்ணையன், "ஃபேன் மோட்டாரு போயிடிச்சிக்கா, மெட்ராஸ்லேர்ந்து வரணும், திங்கக்கிழம பாக்கலாம், அதுவரைக்கும் நீ ஒண்ணும் நோண்டாத", நோண்டாதேயாம்... அந்த ஒரு வார்த்தைக்காகவே தனக்கொடி பானெட்டைத் தூக்கிக் கம்பியில் நிறுத்தினாள். புஸ்ஸி வீதி ஓரத்தில், நெற்றியில் எல் போர்டும் பக்கவாட்டில் அவள் பெயரும் எழுதிய மாருதி அரை மணி நேரமாக மூச்சடங்கிக் கிடந்தது. இஞ்சின் சூட்டைக் காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டதுமே தனக்கொடிதான் கையை நீட்டிச் சாவியைத் திருப்பி அணைத்தாள், நல்லவேளை. பக்கத்தில் கமலவேணி, வீராம்பட்டினத்து மீன் வியாபாரி, ஆறு மாதமாக இவளிடம் வண்டி பழகுகிறவள், ஏற்கெனவே ஒருமுறை டெஸ்டில் தோற்றவள், இன்று பதினோரு மணிக்கு மறுபடி டெஸ்ட், அவளுடைய எல்எல்ஆரும் இன்றோடு முடிகிறது, இன்று விட்டால் எல்லாம் முதலிலிருந்து... முதலிலிருந்து எங்கே, மாமனார் தீர்த்துச் சொல்லிவிட்டார், இதுதான் கடைசி, தவறினால் மீன் வண்டிக்கு டிரைவர் போட்டுவிட்டு நீ கூடையைத் தூக்கு என்று. "யக்கா, நான் இன்னாவாச்சும் பண்ணிட்டனா? கிளச்ச மிதிச்சினே இருந்தன்..." என்கிறாள் பாவம், வியர்த்து வழிய. இல்லடி, நீ இல்ல. ஆனாலும் கேட்டாளே, அது நல்ல பிள்ளைக்கு அடையாளம், முதல் நாளே அவளுக்குச் சொன்னதுதான், எல்லாருக்கும் சொல்வதுதான், வண்டி நின்னுட்டுதுன்னு சொல்லாத, யாரு நிறுத்தனதுன்னு கேட்டா நான்தான்னு சொல்லு, அப்பதான் கை கத்துக்கும்.

சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரர் வந்து எட்டிப் பார்த்தார், "யாராச்சும் ஆம்பளைங்கள கூப்ட்டு ஓரமா தள்ளச் சொல்லுங்கம்மா" என்றார், ஓரமாகத்தானே நிற்கிறது, இன்னும் எவ்வளவு ஓரம், சாக்கடைக்குள்ளேயா? சிரித்துவைத்தாள். பதினோரு வருஷமாகச் சிரித்துவைக்கிறாள், பொம்பள கத்துக்குடுத்து பொம்பள ஓட்டுனா ஊரு உருப்படுமா என்று கேட்டவர்களுக்கெல்லாம் சிரித்துவைத்து, அவர்கள் வீட்டுப் பெண்களுக்கே லைசென்ஸ் வாங்கிக்கொடுத்தவள். சரி, ஃபேன். நேற்று கடலூர் போய் வந்தபோது முள் அசையவே இல்லை, எப்படி அசையும், ஓடுகிற வண்டிக்குக் காற்றே ஃபேன், இன்று ஊருக்குள் ஊர்ந்ததும் குட்டு வெளிப்பட்டது. ஆக ஃபேன் எப்போது நின்றது, நேற்றா, முந்தாநாளா? ஃப்யூஸைப் பிடுங்கி வெயிலில் பிடித்தாள், கம்பி முழுசாக இருந்தது. இரண்டு ஒயரை எடுத்து பேட்டரியிலிருந்து நேரே ஃபேனுக்குக் கொடுத்தாள்... விர்ரென்று சுற்றியது! "சுத்துதுக்கா!" என்று கமலவேணி குதித்தாள். சுத்தாம? மோட்டாரு போயிடிச்சாமே மோட்டாரு. உடனே கண்ணையனைக் கூப்பிட்டாள், "மோட்டாரு நல்லா கீதுடா, போன வாரம் ஹோஸ் மாத்தனப்ப நீதான் எதையோ சரியா மாட்டாம வுட்டிருக்க, உன் கவனக்கொறைவுக்கு ஒரு பொண்ணோட டெஸ்டு போவுது, நல்லா இருப்பியா நீ" என்று மூச்சு விடாமல் கொட்டி, அவன் "இல்லக்கா..." என்று இழுப்பதற்குள் வைத்துவிட்டாள். எத்தனை சுகமாக இருந்தது. தெருவில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்ததுகூடச் சுகமாகத்தான் இருந்தது.

மோட்டார் நன்றாக இருந்தால் அதை எழுப்ப வேண்டியவன்தான் தூங்குகிறான், இஞ்சின் சூட்டை அறிந்து ஃபேனைப் போட்டுவிடும் ஸ்விட்ச் ஒன்று உண்டு, கட்டைவிரல் அளவு, அதன் தலையில் ஒயர் செருகும் கப்ளர், அங்கேதான் இந்தக் கண்ணையன் கை பட்டிருக்கும், லேசாகச் செருகிவிட்டுப் போயிருப்பான், இரு, கையும் களவுமாக... கப்ளர் கெட்டியாகத்தான் செருகியிருந்தது. நகம் நோக இழுத்துப் பிடுங்கி உள்ளே பார்த்தாள். மஞ்சள். காய்ந்து பொருக்குத் தட்டிய மஞ்சள், நடுவே சிவப்பு. சந்தனம், குங்குமம். ஐயோ. ஆயுத பூஜை. இஞ்சினில் ஒரு பாகம் விடக்கூடாதென்று ஒவ்வொன்றாகக் கழற்றி, துடைத்து, பொட்டு வைத்து, மறுபடி செருகி, சூடம் காட்டிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாளே, நாலு நாள் ஆகவில்லை, யாரையும் தொடவிடவில்லையே, பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதையாக... ஈரச் சந்தனம் உள்ளே போய்க் காய்ந்து கரண்டை மறித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது, தெய்வத்துக்கு வைத்த பொட்டு. கண்ணையன் தப்பு இல்லை. சிரிப்பு வந்தது, கூடவே காது சுட்டது.

கொண்டை ஊசியை உருவிச் சுரண்டினாள், ஊதினாள், முந்தானையால் துடைத்து, 'டக்'கென்று கேட்கும்வரை செருகினாள். தண்ணீர் குறைவில்லை. "ஸ்டார்ட் பண்ணுடி." கமலவேணி திருப்பினாள், வண்டி பிடித்தது. இனி காத்திருக்க வேண்டும், முள் ஏற வேண்டும், ஏறினால்தானே தெரியும், மணி பத்தே கால், ஏறட்டும், ஏறி அந்த இடத்துக்கு வரட்டும், வந்தும் சுற்றாவிட்டால்... சுற்றும், சுற்றித்தான் ஆகணும், இவளைக் கூடை தூக்க விடமாட்டேன், முள் பாதியைத் தாண்டியது, இன்னும் கொஞ்சம், கமலவேணியின் உதடுகள் ஏதோ முணுமுணுத்தன, இன்னும் ஒரு நூல்... விர்ர்ர். கமலவேணி அழுதேவிட்டாள்.

அப்போதுதான் டிவிஎஸ் வந்து நின்றது, பின்னால் கட்டிய டூல்ஸ் பெட்டியோடு கண்ணையன், அவ்வளவு திட்டு வாங்கியும் மேட்டுப்பாளையத்திலிருந்து வந்திருக்கிறான், சட்டையெல்லாம் வியர்வை. ஓடுகிற ஃபேனைப் பார்த்தான், இவளைப் பார்த்தான். "இன்னாக்கா கோளாறு? நான்தான் எதுனா வுட்டுட்டனா?" என்றான், நிஜமாகவே பயந்துபோய். தனக்கொடி கொண்டை ஊசியைக் கைக்குள் மூடினாள். அவன் தப்பு செய்தால் அது கண்ணையன் தப்பு, அதோடு தீர்ந்தது, அவள் செய்தால் மட்டும் அது எப்படியோ பொம்பளைங்க தப்பாகிவிடும், மேட்டுப்பாளையம் பூராவும் ஒரு மாசத்துக்குச் சிரிக்கும், சிரிக்கட்டுமே... சிரிக்கட்டுமா? ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கமலவேணி இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள், பாடம் கேட்கிற முகத்தோடு. ஒரே ஒரு வார்த்தைதான், 'நான்தான்'. எத்தனை பெண்களுக்கு அதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள், பதினோரு வருஷத்தில் தான் ஒருமுறைகூட அதை யாரிடமும் சொன்னதில்லை என்பது, வாயைத் திறந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.