ஒளிவிழாவில ஹெறன்ஸின்ர ஆண்டுப் படம்

எனக்கு முழங்காலில ஒரு வருத்தமும் இல்லை. அதை முதலே சொல்லிப்போடுறன். ஜேர்மனியில, இந்த டார்ம்ஸ்டாட்டில இருக்கிற தமிழ்ச்சனம் முழுக்க என்ர இடது முழங்காலைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டு திரியுது. சிசிலி அன்ரி அதுக்கு நவநாள் செபம்கூடத் துவங்கிப்போட்டா. அடி பட்டது தலையில.

காலெண்டு சொன்னது அம்மான்ர யோசனை. செப்டெம்பரில நான் அவுஸ்திரேலியாவில இருந்து போன் எடுத்து, "அம்மா, தலையில அடி பட்டிட்டுது, இந்த வருசம் இனி விளையாட வேண்டாமாம்" எண்டு சொன்னன். அம்மா அறைக் கதவைச் சாத்தினது போனில கேட்டது. பிறகு, "இதை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை. தலையில அடி பட்ட பெட்டை எண்டு பேர் எடுத்தால் பிறகு ஆர் உன்னைக் கேட்டு வருவினம்? காலெண்டு சொல்லுவம். கால் மாறும்" எண்டவ. அப்பாவுக்கோ எண்டு கேட்டன். "உன்ர கொப்பருக்குக் காலமை சொன்னால் பின்னேரம் ஊருக்கே தெரியும். அந்தாளுக்கும் கால்தான்" எண்டவ. முழுப் பூசணிக்காயைச் சோத்துக்கை மறைக்கிறதெண்டு சொல்லுவினமே, கொறற்றி எண்ட என்ர அம்மா அதை மூண்டு மாதம் மறைச்சு வைச்சிருந்தவ.

நான் லவினியா. டார்ம்ஸ்டாட்டில பிறந்து வளந்தனான். அப்பா யாகோப்பு மன்னாரில இருந்து அகதியா வந்தவர், இப்ப பார்சல் பிரிக்கிற இடத்தில வேலை. நான் உயரமெண்டபடியால் பள்ளிக்கூடத்தில ஹான்ட்பாலுக்கு இழுத்தவங்கள். பிறகு ஒரு நல்ல கிளப்பில கோல் கீப்பரா நிண்டனான். ஆரோ எடுத்த வீடியோவைப் பாத்திட்டு வில்மோர் ஹெறன்ஸ் எண்ட அவுஸ்திரேலியாக் கிளப் என்னைத் தங்கட பெண்கள் அணிக்குக் கூப்பிட்டது. சம்பளம் குடுத்து விளையாட விடுறவங்கள். ஹான்ட்பால் இல்லை, அவுஸ்திரேலியாக்காரருக்கெண்டே உள்ள ஒரு காற்பந்து, எங்கட சனம் கண்டறியாத விளையாட்டு அது. முட்டை மாதிரி மைதானம், முட்டை மாதிரிப் பந்து. கையால பிடிக்கலாம், காலால அடிக்கலாம், ஒருத்தியின்ர தோளில மற்றவள் ஏறிப் பாயலாம். தலைக்கு மட்டும் ஒண்டும் போடுறேல்லை. ஹெறன் எண்டால் கொக்கு. அப்பா "கொக்குக் கிளப்" எண்டுதான் சொல்லுவார். சூப்பர்மார்க்கெட்டில காசு எடுக்கிற ஜேர்மன் பொம்பிளைக்கும் அவர் கொக்குக் கிளப்பைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். அவ பாவம், ஓம் ஓம் எண்டு தலையாட்டுறவ.

அடி பட்ட நாள் எனக்கு ஞாபகம் இல்லை. காலமை பாண் சாப்பிட்டது தெரியும். அதுக்குப் பிறகு ஆஸ்பத்திரிக் கூரை. நடுவில ஒண்டும் இல்லை. அந்த நடுவிலதான் நான் என்ர ஒரே ஒரு கோலை அடிச்சிருக்கிறன். சும்மா கோல் இல்லை, ரெண்டு பேரைச் சுத்திக் கழட்டிப்போட்டுத் தூரத்தில இருந்து அடிச்ச கோல். அண்டைக்கு அப்பாவுக்கு விடியக்காலமை வேலை. ஆட்டத்தை அவர் நேர பாக்கேல்லை. பிறகு ஆரோ அனுப்பின கோலை மட்டும் போனில பாத்திட்டு, ஒரு கிழமையா அதை ஆக்களுக்குக் காட்டித் திரிஞ்சவராம். இப்ப நான் டார்ம்ஸ்டாட்டுக்குத் திரும்பி வந்தாப்பிறகு காணுற எல்லாரும், "லவி, அந்தக் கோல் அடிக்கேக்க எப்பிடி இருந்தது?" எண்டு கேக்கினம். "நல்லா இருந்தது" எண்டுறன். வேற என்னத்தைச் சொல்லுறது? ஆரோ ஒருத்தி அடிச்ச கோலுக்கு என்ர கையைப் பிடிச்சுக் குலுக்குதுகள்.

நான் சின்னனில இருந்தே கோவக்காறி. என்ர தம்பி டெனிஸ்டனைக் கேட்டால் தெரியும், அவன்ர முன்பல்லில பாதி என்ர கணக்கு. இப்ப அந்தக் கோவமும் வருகுதில்லை. பல்லுப் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரித்தான் எல்லாம் கிடக்கு. தொட்டால் தொட்டது தெரியும், ஆனா அது என்ர கன்னம் இல்லை. அம்மா ஆசையாக் காய்ச்சிற நண்டுக் குழம்பு சுடுது எண்டு மட்டும் விளங்கும். இங்க ஒரு நரம்பு டொக்டரிட்டத் தெர்மின் எண்டு நேரம் குறிச்சுப் போனன். அவர் சோதிச்சுப் பாத்திட்டு, மாறிக்கொண்டு வருது, விளையாடவும் ஏலும், ஆனா இப்பிடி இன்னொரு அடி விழுந்தால் தான் ஒண்டுக்கும் பொறுப்புச் சொல்ல ஏலாது எண்டார். உங்களுக்குப் பயமா இல்லையோ எண்டும் கேட்டார். இல்லை எண்டன். அது பொய்யும் இல்லை.

கிளப் அடுத்த வருசத்துக்கும் கொன்ட்ராக்ட் அனுப்பியிருந்தது. திங்கக்கிழமைக்கிடையில பதில் சொல்லவேணும். நான் ஓம் எண்டு சொல்லுற யோசனைதான். ஆசையில இல்லை. மாட்டன் எண்டு சொல்லவும் ஒரு காரணம் வேணும்தானே, அதுகும் என்னட்ட இல்லை. அப்பா ஏற்கெனவே எல்லாருக்கும் சொல்லி முடிச்சிட்டார். அம்மாவுக்கு நான் போறதில துண்டா விருப்பம் இல்லை. ஆனா அவ வாய் திறந்து மறிச்சால் காலின்ர கதை அப்பாவுக்கு முன்னால உடைஞ்சுபோம். அதால குசினிக்குள்ள சட்டி பானையளைப் போட்டு அடிப்பா. ஒருநாள் மட்டும், "போகத்தான் போறியோ?" எண்டு கேட்டவ. "போறன்" எண்டன். "சரி" எண்டுபோட்டு வெங்காயத்தை வெட்டினவ.

அந்தத் திங்களுக்கு முதல் நாள் கோயில் மண்டபத்தில ஒளிவிழா. மார்கழியில நத்தாருக்கு முன்னம் எங்கட கத்தோலிக்கச் சனம் கூடி, பிள்ளையளைக் கொண்டு பாலன் பிறப்பு நாடகம் போட்டு, கரோல் பாடி, ரோல்ஸும் தேத்தண்ணியுமா ஒரு பின்னேரத்தைப் போக்காட்டிறது. ஹெறன்ஸ் கிளப்பும் அந்தக் கிழமைதான் தன்ர வருசத்தைத் திரும்பிப் பாக்கிற படத்தை இணையத்தில விட்டிருந்தது. வெண்டது, தோத்தது, வந்த ஆக்கள், போன ஆக்கள் எல்லாத்தையும் சேத்து வெட்டி ஒட்டின படம். என்ர கோலும் அதில இருக்கெண்டு எனக்கு எழுதியிருந்தவை. நான் பாக்கேல்லை, ஸ்கிறீனைக் கன நேரம் பாத்தால் தலை இடிக்கும். டெனிஸ்டன் அந்தச் செய்தியை அப்பாவுக்கு வாசிச்சுக் காட்டிப்போட்டான். பிறகென்ன, வெறும் வாயை மெல்லுறவருக்கு அவல் கிடைச்ச மாதிரித்தான். விழாவை நடத்திற விஜயரத்தினம் அண்ணையைப் பிடிச்சு, நாடகத்துக்கும் நத்தார் தாத்தாவுக்கும் நடுவில படத்தைப் போட ஒழுங்கு பண்ணிப்போட்டார். போடமுதல் ஒருக்காப் பாப்பம் எண்டு ஒரு குஞ்சும் நினைக்கேல்லை. எங்கட விழாக்களில ஒண்டையும் முன்கூட்டிப் போட்டுப் பாக்கிற வழக்கம் இல்லை.

அம்மா அப்போதேக் எண்ட மருந்துக்கடையில வாங்கின நீலப் பட்டியை என்ர முழங்காலில இழுத்துப் போட்டு, "நொண்டு, ஆனா கனக்க நொண்டாதை. கனக்க நொண்டினால் அதுக்கும் ஒரு கதை வரும்" எண்டவ. மண்டப வாசலில நான் வலது காலை நொண்டிப்போட்டன். "இடது" எண்டு அம்மா பல்லைக் கடிச்சுக்கொண்டு சொன்னவ. சிசிலி அன்ரி ஓடிவந்து கட்டிப்பிடிச்சு, "எல்லாம் மாதாவின்ர காவல் பிள்ளை. தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்செண்டு நினை" எண்டா. அம்மா, ரோல்ஸ் பொரிக்கோணும் எண்டு சொல்லி அப்பிடியே குசினிக்குள்ள மறைஞ்சிட்டா. வேற நேரமெண்டால் நான் சிரிச்சே செத்திருப்பன். அண்டைக்கு, இது சிரிக்கிற இடம் எண்டு மட்டும் தெரிஞ்சது.

நாடகம் முடிஞ்சோடன டெனிஸ்டன் லப்டொப்பைக் கொழுவினான். லைற்றெல்லாத்தையும் நிப்பாட்டிச்சினம். அப்பா மைக்கைப் பிடிச்சுக்கொண்டு, "என்ர மகளுக்குக் கால் மாறிக்கொண்டு வருது, வாற வருசமும் அவ அங்க விளையாடுவா எண்டதை மகிழ்ச்சியோட அறியத்தாறன்" எண்டார். சனம் கை தட்டிச்சுது. நான் கடைசி வரிசையில, குசினிக் கதவடியில இருந்தனான்.

படம் நல்லாத்தான் எடுத்திருந்தாங்கள். முதல் வெற்றி, அடுத்தடுத்துத் தோல்வி, வயது போன ஒருத்தியின்ர கடைசி ஆட்டம், கோச் அழுறது, கொக்குச் சொண்டு கட்டின சின்னப் பிள்ளையள். பிறகு என்ர கோல். சாதாரணமா ஒருக்கா, மெல்லமா ஒருக்கா. மண்டபம் எழும்பி நிண்டு தட்டிச்சுது. அப்பா, "திருப்பிப் போடு" எண்டு டெனிஸ்டனை இன்னும் ஒருக்காப் போட வைச்சார். நான் பாத்துக்கொண்டிருந்தன். என்ர பின்னலோட ஒரு பெட்டை பந்தை அடிச்சிட்டு ரெண்டு கையையும் விரிச்சுக்கொண்டு ஓடுறாள். வாயெல்லாம் சிரிப்பு. அவளில எனக்குப் பொறாமைகூட வரேல்லை.

அதுக்குப் பிறகு வருசத்தின்ர பகிடியள் எண்டு ஒரு பகுதி வந்தது. மைதானத்துக்குள்ள ஒரு நாய் ஓடுது, ஒருத்தி சறுக்கி விழுறாள், கோச்சின்ர தலையில தண்ணியை ஊத்துகினம். பின்னால கோமாளிப் பாட்டு. எங்கட பிள்ளையள் விழுந்து விழுந்து சிரிக்குதுகள். அடுத்ததா நான் வந்தன். அதே ஆட்டம்தான், கோலுக்குப் பிறகு. அடி விழுந்ததைக் காட்டேல்லை, நான் புல்லில இருந்து எழும்புறதில இருந்துதான் துவங்குது. நடுவரைப் பாத்துக் கையை நீட்டி நீட்டி என்னவோ சொல்லுறன். 'லவி நடுவருக்குத் தன்ர பாஷையில நல்லாக் குடுக்கிறாள்' எண்டு கீழ இங்கிலிஷில எழுத்து வருது. தண்ணி குடுக்க ஓடுற பொம்பிளையின்ர சட்டையில அண்டைக்கு ஒரு மைக்கைக் கொழுவி விட்டிருந்தவங்கள். அவ எனக்குக் கிட்ட வர, என்ர குரல் மண்டபத்தின்ர ரெண்டு ஸ்பீக்கரிலயும் வடிவாக் கேட்டது.

"அம்மா. அம்மா, எனக்கு ஒண்டும் தெரியுதில்லை. ஆரும் லைற்றைப் போடுங்கோவன்."

அங்க நல்ல வெயில். தண்ணிக்காரி சிரிச்சு, "அப்பிடித்தான், நல்லாச் சொல்லு" எண்டு இங்கிலிஷில சொல்லி, போத்திலைத் தந்து, முதுகில தட்டித் திருப்பி உள்ளுக்கு விடுறா. நான் தடுமாறித் தடுமாறி ஓடுறன்.

மண்டபத்தில சிரிப்பு அப்பிடியே நிண்டுபோச்சு. அந்தக் கிளப்பில எத்தினை பேர் இதைக் கேட்டிருப்பினம், பாட்டுப் போட்டு வெட்டி ஒட்டியிருப்பினம், ஒருத்தருக்கும் விளங்கேல்லை. இங்க விளங்காத ஆள் ஒருத்தரும் இல்லை, இடையர் வேசத்தில இருந்த சின்னனுகளுக்கும் விளங்கினது. டெனிஸ்டன் படத்தை நிப்பாட்டிப்போட்டு என்னைப் பாத்தான்.

அப்பதான் லைற் எல்லாம் பத்திச்சுது. குசினிக் கதவடியில அம்மா நிக்கிறா. ஒரு கை சுவிச்சில, மற்றக் கையில எண்ணெய் வடியிற அகப்பை. உள்ளுக்குப் புகை இழுக்கிற மிசின் ஓடிக்கொண்டிருந்தது, அவவுக்கு ஒரு கைதட்டலும் கேக்கேல்லை, சிரிப்பும் கேக்கேல்லை. நான் கூப்பிட்டது மட்டும் கேட்டிருக்கு.

"போட்டிட்டன் பிள்ளை" எண்டவ. "என்ன, திரும்பக் கண் இருட்டுதோ? குனியாதை, அடி பட்ட தலை."

சனம் முழுக்கத் திரும்பிப் பாத்துது. அம்மா அவையைப் பாத்தவ, ஸ்கிறீனில நிண்ட என்ர முகத்தைப் பாத்தவ. விளங்கியிட்டுது. ஆனா சமாளிக்கப் பாக்கேல்லை. அகப்பையைக் கதிரையில வைச்சிட்டு வந்து, எல்லாருக்கும் முன்னால என்ர தலையில கையை வைச்சவ.

"தலையோ?" எண்டு அப்பா கேட்டார். அவர் மைக்கை வைச்சிட்டு, கதிரையளை இடிச்சுக்கொண்டு எங்களிட்ட வந்தார்.

வெளிச்சம் என்ர கண்ணைக் குத்திச்சுது. பயம். சரியான பயம். அங்க அந்தப் பெட்டை கண் தெரியாமல் அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டு நிண்டிருக்கிறாள், ஒருத்தரும் அவளுக்கு ஓம் எண்டு சொல்லேல்லை. அவள் நான்தான் எண்டது அப்பதான் எனக்கு உறைச்சது.

"நான் போகேல்லை" எண்டன். "அம்மா, நான் அங்க போகேல்லை."

"போகாதை" எண்டு சொன்னது அப்பா.

அம்மா என்ர தலையில இருந்து கையை எடுக்கேல்லை. இன்னும் ஸ்கிறீனைத்தான் பாத்துக்கொண்டு நிண்டவ.

"அண்டைக்கு எனக்குக் கேக்கேல்லையே, பிள்ளை" எண்டவ.