எங்கள் மாடி அறையில் டிலானி இரண்டு வருடம் இருந்தாள்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் கதை எழுத உட்காரவில்லை. ஒரு கடிதம் எழுதத்தான் உட்கார்ந்தேன், அதுவும் பொய்க் கடிதம். பதினொரு தடவை கிழித்துப் போட்ட பிறகு குனிந்து பார்த்தால், மேசைக்குக் கீழே கடிதத்தைவிட நீளமாக வேறொன்று சேர்ந்திருந்தது. அதைத்தான் இப்போது வாசிக்கிறீர்கள்.

கடிதம் கேட்டு வந்தவர் அழகையா. ஹந்தானைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் காவல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். (தோட்டத்தின் பெயரை எழுதினேன், மாற்றினேன், கடைசியில் எடுத்தே விட்டேன். காரணம் போகப் போகத் தெரியும்.) மனைவி பேச்சியம்மா இன்னும் கொழுந்தெடுக்கிறார். மகள் டிலானிக்கு இருபத்தாறு வயது. டப்ளினில் ஒரு முதியோர் இல்லத்துக்குப் பராமரிப்பு வேலைக்குப் போய் மூன்று கிழமை ஆகிறது. வேலை கொடுத்தவர்கள் நான்கு கிழமைக்குத்தான் தங்க இடம் கொடுத்திருக்கிறார்கள். வருகிற வெள்ளிக்கிழமைக்குள் அவள் தானாக ஒரு அறை பார்த்துக்கொண்டு போக வேண்டும்.

அழகையாவுக்கு என்னை எப்படித் தெரியும் என்பதைப் பிறகு சொல்கிறேன். இப்போதே சொன்னால் நீங்கள் என்னோடு மேற்கொண்டு வரமாட்டீர்கள்.

2

முதல் தொடக்கம்: டப்ளின் நகரத்தில் அன்று காலையிலிருந்தே மழை பெய்துகொண்

நான் டப்ளினைக் கண்டதில்லை. விடுங்கள்.

இரண்டாம் தொடக்கம்: லயத்தின் தகரக் கூரையில்

இதுவும் வேண்டாம். இப்படித் தொடங்கிய ஒரு கதைக்கு எனக்கு மாகாண மட்டத்தில் பரிசே கிடைத்திருக்கிறது. தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்தில், ஒற்றை அறைக் காம்பரா ஒன்றில் மழை ஒழுகுவதைப் பற்றி நான்கு பக்கம். வாசித்தவர்கள் கண் கலங்கியதாகச் சொன்னார்கள். பரிசளிப்புக்கு உடுத்த சேலை இன்னும் அலுமாரியில் இருக்கிறது.

ஆகவே மூன்றாவது. நடந்ததை நடந்தபடி.

கட்டுகஸ்தோட்டை வீதியில் எங்கள் வீட்டுக் கேட்டுக்கு வெளியே அழகையா போனைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே வரச் சொன்னேன்.

"பரவால்லைங்க டீச்சர். சப்பாத்தெல்லாம் சேறு."

போனை நீட்டினார். வெளிநாட்டுத் தெரு ஒன்று. சிவப்புச் செங்கல் வீடுகள், வரிசையாகச் சின்னச் சின்னக் கேட்டுகள்.

"புள்ளைக்கு ரெண்டு எடம் அமைஞ்சிருக்கு. மொத எடம் டாலாவாம். டவுனுக்கு வெளிய. நம்ம நாட்டுப் புள்ளைங்க நாலு பேர் இருக்கிற வீடு, ஒண்ணும் கேக்கமாட்டாங்க, பெட்டியத் தூக்கிட்டுப் போகலாம். ஆனா வேலைக்கு ரெண்டு பஸ் மாறணும். காலையில ஏழுக்கு அங்க நிக்கணும். வேலை எடத்துல ஆறு மாசம் பார்ப்பாங்களாம், பிந்துனா அனுப்பிருவாங்க."

"இது?"

"இது ட்ரம்கொண்ட்ரா. மிஸஸ் நோலன்னு ஒரு அம்மா. கீழ அவங்க, மேல ரூம். வேலைக்கு நடந்தே போயிறலாம், பன்னெண்டு நிமிஷம். நானே நடந்து பார்த்தேன்."

"நீங்க நடந்தீங்களா?"

"போன்லதாங்க. வெரல வச்சுத் தள்ளித் தள்ளி. மூலையில ஒரு கடை. அங்கிட்டு ஒரு கோயில், உங்க கோயில் மாதிரி சிலுவை இருக்கு. அதத் தாண்டி ஒரு வளைவு. அந்த வளைவுல மட்டும் லைட் கம்பம் இல்ல. மத்த எல்லா எடத்துலயும் இருக்கு, எண்ணிட்டேன்."*

* முப்பது வருடம் காவல் பார்த்த கண்.

மிஸஸ் நோலன் ஒன்றே ஒன்று கேட்டிருக்கிறார். இதற்கு முன் டிலானி குடியிருந்த வீட்டின் சொந்தக்காரரிடமிருந்து ஒரு கடிதம். ஒழுங்காக இருந்தாள், துப்புரவாக இருந்தாள் என்று நாலு வரி. அந்த ஊரில் அது சாதாரண விஷயமாம்.

"எங்களுக்கு ஏதுங்க டீச்சர் வீட்டுக்காரர்? கேட்டா தோட்டத்து ஆபீஸ்லதான் கேக்கணும். பேச்சி வார வருஷம் பென்சன். காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம், வேலைக்கு ஆளிருக்கிற குடும்பத்துக்குத்தான். பேச்சிக்குப் பெறகு தோட்டத்துல வேலைக்குப் பேர் போட வீட்டுல ஆளிருக்குன்னு சொல்ல டிலானி ஒருத்திதான். அவ கடல் தாண்டிட்டான்னு நாமளே எழுதிக் கேட்டு, காம்பராவ விடுங்கன்னு சொல்லிட்டா?"

அப்படிச் சொல்ல அவர்களுக்குச் சட்டம் இடம் கொடுக்கிறதா என்று எனக்குத் தெரியாது. அழகையாவுக்கும் தெரியாது. அவர் பிறந்ததும் அந்தக் காம்பராவில்தான், டிலானி பிறந்ததும் அதில்தான். மகளுக்கு ஒரு அறை கேட்கப் போய் மனைவியின் அறை போய்விடுமோ என்ற பயத்தில் மனிதர் ஒரு கிழமையாகத் தூங்கவில்லை.

"அதனாலதாங்க. உங்க மேல் ரூம்ல ரெண்டு வருஷம் இருந்தான்னு எழுதிக் குடுங்க. நீங்க எழுதுறவங்கதானே."

3

எழுதினேன். வெட்கத்தை விட்டுச் சொன்னால், ரசித்து எழுதினேன். (கடிதம் ஆங்கிலத்தில். உங்களுக்காகத் தமிழில் தருகிறேன்.)

"டிலானி எங்கள் வீட்டு மாடி அறையில் இரண்டு வருடம் வாடகைக்கு இருந்தாள். அமைதியான பிள்ளை. படித்து முடித்ததும் மேசையைத் துடைத்து வைப்பாள். ஜன்னலைத் திறந்தால் ஹந்தானை மலை தெரியும். அதைப் பார்த்தபடி தேநீர் குடிப்பாள். அவள் போனபின் அறை வெறிச்சென்று இருக்கிறது."

என் கணவர் கிளைவ் தோளுக்கு மேலால் எட்டி வாசித்தார்.

"மிஸஸ் நோலனுக்கு மலை என்னத்துக்கு ஷிரோமி?"

"நம்பகத்தன்மைக்கு."

"கதை எழுதுற மாதிரியே எழுதிட்டீங்க."

கையெழுத்துப் போடவில்லை. படமெடுத்து, பிழை இருந்தால் சொல் என்று டிலானிக்கு அனுப்பினேன்.

4

இனிச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

மூன்று வருடத்துக்கு முன்பு எங்கள் கேட்டில் ஒரு அட்டை தொங்கியது. "அறை வாடகைக்கு. பெண் பிள்ளைகளுக்கு மட்டும்." ஒரு பிள்ளை வந்து கேட்டாள். டவுனில் பராமரிப்புப் பயிற்சி வகுப்பாம். வகுப்பு முடியும்போது மலைக்கு மேலே போகிற பஸ் போய்விடுகிறதாம். அவளுடைய அப்பா வீதியின் அந்தப் பக்கம் நின்றார். எந்த இடம் என்று கேட்டேன். தோட்டத்தின் பெயரைச் சொன்னாள். கிளைவ் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தோட்டத்து ஆட்கள் வேண்டாம், சனி ஞாயிறென்றால் சொந்தக்காரர் கூட்டமாக வந்து இறங்குவார்கள், என்று

இந்த வாக்கியத்தை மூன்று வரைவிலும் இப்படித்தான் எழுதினேன். கிளைவ் வாசித்துவிட்டுக் கோபப்படக்கூட இல்லை. "அன்னைக்கு நான் வேலைக்குப் போயிருந்தேனே," என்றார்.

ஆமாம், போயிருந்தார். அதை நினைத்தது நான். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. லயத்து மழைக்கு நான்கு பக்கம் அழுதவள், அந்த லயத்திலிருந்து ஒரு பிள்ளை வந்து நின்றபோது சொன்னது இதுதான்: "அச்சச்சோ, நேத்துத்தான் ஆள் வந்துட்டாங்க மகள்."

மகள் என்று வேறு சொன்னேன். அழகையாவுக்கு நினைவில் நின்றதும் அந்த ஒரு சொல்தான். கடிதம் கேட்டு வந்த அன்று போகும்போது சொன்னார்: "அன்னைக்கு ரூம் இல்லாட்டியும் மகள்னு கூப்பிட்டுப் பேசினீங்களே டீச்சர். அதான் தைரியமா வந்தேன்."

அறை அதற்குப் பிறகு நான்கு மாதம் காலியாகக் கிடந்தது. அந்த நான்கு மாதமும் டிலானி வகுப்பு முடியும் முன்பே எழுந்து பஸ்ஸுக்கு ஓடியிருப்பாள். அதை நினைத்தால் எனக்கு என்னைப் பிடிக்கவில்லை.

டிலானியின் பதில் குரல் பதிவாக வந்தது.

"டீச்சர், கடிதம் நல்லா இருக்கு. ஒரு சிக்கல்தான். ஜன்னல்ல மலை தெரியும்னு எழுதியிருக்கீங்க. நான் மேல வரவேயில்லையே, கேட்ல நின்னு பேசிட்டுத்தானே போனேன். மிஸஸ் நோலன் ரூமப் பத்தி ஏதும் கேட்டா என்ன சொல்றதுன்னு தெரியல்ல."

அதே பதிவில், குரலைத் தாழ்த்தி:

"இன்னொண்ணு டீச்சர். அன்னைக்கு ஆள் வரல்லன்னு எனக்குத் தெரியும். அடுத்த கிழமையும் அட்டை தொங்கிச்சு, பஸ்ல போகயில பார்த்தேன். அப்பாவுக்குத் தெரியாது. தெரிஞ்சா உங்ககிட்ட வந்திருக்கமாட்டாரு. நீங்களும் சொல்லிறாதீங்க."

5

முடிவுகள்.

(அ) நான் கையெழுத்துப் போடுகிறேன். மிஸஸ் நோலன் சாவியைக் கொடுக்கிறார். டிலானி பன்னிரண்டு நிமிடம் நடந்து வேலைக்குப் போகிறாள். ஆனால் ஒருநாள் மிஸஸ் நோலன் தேநீர் ஊற்றிக்கொண்டே பழைய வீட்டைப் பற்றிக் கேட்டு, டிலானி தடுமாறினால்? அறையோடு பேரும் போகும். பொய் சொன்னவளிடம் யார் வயதானவர்களை ஒப்படைப்பார்கள்?

(ஆ) இரண்டாவது கடிதம். அதையும் எழுதிவிட்டேன். "டிலானி என் வீட்டில் இருந்ததில்லை. அறை கேட்டு வந்தாள். காலியாக இருந்தும் இல்லை என்றேன், அவள் ஊர் எதுவென்று கேட்ட பிறகு. அது பொய் என்று தெரிந்தும் அவள் இன்றுவரை எங்கேயும் என்னை அவமானப்படுத்தவில்லை. நான் செய்த பிழையை நீங்கள் செய்யாதீர்கள்." மிஸஸ் நோலன் இதை வாசித்து மனமிரங்கலாம். ஒரு வீட்டுக்காரி வேண்டாமென்றால் ஏதோ இருக்கத்தானே செய்யும் என்றும் நினைக்கலாம்.

(இ) கடிதமே இல்லை. டாலா. தை மாதக் குளிரில் இருட்டோடு எழும்பி அவள் கதவைத் தி

இதை என்னால் எழுத முடியவில்லை. வேண்டுமானால் நீங்கள் எழுதிப் பாருங்கள்.

6

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தபோது அழகையா கேட்டில் நின்றார். இந்தத் தடவை நான் விடவில்லை. சப்பாத்தைக் கழற்றச் சொல்லி மாடிக்குக் கூட்டிப் போனேன். டிலானியை வீடியோவில் அழைத்தேன். அங்கே அப்போதுதான் விடிந்திருந்தது, தலைமுடி கலைந்து உட்கார்ந்திருந்தாள்.

"இதுதான் ரூம்," என்றேன். போனைத் திருப்பித் திருப்பிக் காட்டினேன். அலுமாரி. கட்டில். கழுவுகிற பேசின், நீல நிறம், ஓரத்தில் ஒரு வெடிப்பு. அவள் பரீட்சைக்குப் பாடமாக்குகிற மாதிரி முணுமுணுத்தாள்.

"பேசின் இடப்பக்கம். நீலம். கதவு சத்தம் போடும். இல்லையா டீச்சர்?"

"போடும்."

அழகையா ஜன்னலடியில் இருந்த கதிரையில் தயங்கித் தயங்கி உட்கார்ந்தார். ஜன்னலைத் திறந்து பார்த்தார்.

"இங்கின இருந்து நம்ம மலை தெரியுது புள்ள. லயம் தெரியல்ல. மேல இருக்கிற பைனஸ் மரமெல்லாம் தெரியுது." பிறகு, மகளிடமா என்னிடமா என்று தெரியாமல் சொன்னார்: "அன்னைக்கு மட்டும் அந்த ஆள் வராம இருந்திருந்தா, இங்கதான் இருந்திருப்ப."

என் வாய் திறந்தது. சொல்லிவிடத்தான் திறந்தேன். டிலானி முந்திக்கொண்டாள்.

"அதுக்கு டீச்சர் என்னப்பா செய்வாங்க? முந்தின நாளே குடுத்திட்டாங்கல்ல. எனக்குத்தான் குடுத்திருக்கணும்னு அன்னைக்கே எவ்வளவு கவலப்பட்டாங்க தெரியுமா?"

நான் பதினொரு தடவை கிழித்ததை அவள் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். யாருமே கேட்காமல் எனக்கு ஒரு நற்சான்று. அவளுடைய அப்பா தலையாட்டி அதை ஏற்றுக்கொண்டார். எனக்கு அழுகை வந்தது, போனை அவர் பக்கம் திருப்பிவிட்டேன்.

மேசையில் இப்போது இரண்டு கடிதங்கள் இருக்கின்றன. அழகையா கதிரையில் காத்திருக்கிறார். தபால் போகும்வரை பொறுக்க முடியாது, கையெழுத்துப் போட்டதும் படமெடுத்து அனுப்ப வேண்டும். அவருக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. எதில் போட்டாலும் "நல்லா இருப்பீங்க டீச்சர்" என்றுதான் சொல்லப் போகிறார்.

நீங்கள் இரண்டையும் வாசித்துவிட்டீர்கள். உங்கள் வீட்டிலும் ஒரு அறை இருக்கும், உங்கள் கேட்டிலும் ஒருநாள் ஒரு அட்டை தொங்கியிருக்கும். எதில் போடட்டும், சொல்லுங்கள்.