பார்த்தால்தான் இருக்கிற கை

சுருளிவேல் செருப்பைத் தொலைத்ததில்தான் விஷயம் வெளியே வந்தது. போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் மருந்தடித்துவிட்டு இறங்கும்போது ஒரு செருப்பு எங்கேயோ கழன்றிருந்தது. ஜீப்பில் ஏறி உட்கார்ந்த பிறகு அவன் பெண்டாட்டி அருணா காட்டித்தான் அவனுக்கே தெரிந்தது. உள்ளங்காலில் முள் ஏறி ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. ஜீப்பில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

அப்புறம் விரல்கள் மரத்தன. சட்டைப் பொத்தானைக் குனிந்து பார்த்துத்தான் போட முடிந்தது. சுடச்சுட டீ கிளாசைப் பிடித்தபடி பேசிக்கொண்டே இருந்தான். விரலில் கொப்புளம் கிளம்பிவிட்டது.

தேனியில் ஒரு நரம்பு டாக்டரிடம் போனார்கள். "காலைச் சேத்து வச்சு நில்லுங்க. இப்பக் கண்ணை மூடுங்க" என்றார் அந்தம்மா.

மூடினான். கண்ணைத் திறந்தபோது அருணாவும் டாக்டரும் அவனைத் தாங்கிப் பிடித்திருந்தார்கள். எப்போது சாய ஆரம்பித்தோம் என்றே அவனுக்குத் தெரியவில்லை.

"தரை எங்க இருக்கு, முட்டி எப்படி மடங்கியிருக்குன்னு காலு மூளைக்குச் சொல்லிக்கிட்டே இருக்கணும். உங்களுக்கு அந்தச் சேதி போகல. காதுக்குள்ள ஆட்டம் அசைவைக் காட்டுற உறுப்பு ஒண்ணு இருக்கு, அது கொஞ்சம் சொல்லும், ஆனா அது மட்டும் பத்தாது. கண்ணுதான் உங்களை நிறுத்தி வச்சிருக்கு. வருசக்கணக்கா வெறுங்கையில கலக்குன மருந்தா இருக்கலாம்."

"திரும்ப வந்துருமா டாக்டரம்மா?"

"எரிச்சலுக்கு மாத்திரை தர்றேன்" என்றவர், சீட்டை இழுத்து எழுத ஆரம்பித்தார். அவனுக்குப் புரிந்துவிட்டது.

ராசிங்காபுரத்து வீட்டில் சும்மா கிடக்க அவனால் முடியவில்லை. தோட்டத்து சூப்பர்வைசர் வெள்ளைத்துரையிடம் போய் நின்றான்.

"மருந்தடிக்கிற வேலை வேணாம்ணே. காய் எடுக்கிறேன்."

"அது பொம்பளைக சோலிப்பா."

"இருந்துட்டுப் போகட்டும்ணே."

அருணாவோடு மறுபடி மலை ஏறினான். செடிக்கடியில் குத்தவைத்து, காயையும் விரலையும் மாறி மாறிப் பார்த்து எடுத்தான். பாதி நசுங்கியது. மீதியைக் கொண்டுபோய் எடைக்குப் போட்டான். மத்தியானம் வரை ஒப்பேற்றிவிட்டான். ஒரு நப்பாசை கூட எட்டிப் பார்த்தது.

சாப்பிடப் போக எழுந்து சரிவில் நின்றபோது மஞ்சு மூடுபனியாக இறங்கியது. முதலில் பாதம் மறைந்தது, பிறகு முழங்கால். இடுப்போடு உடம்பு முடிந்துபோனது போலிருந்தது.

"அருணா!"

"அங்கனயே நில்லுங்க! இந்தா வர்றேன்!"

நின்றான். நிற்பதாகத்தான் நினைத்தான். ஏல இலைகள் முகத்தில் அறைந்தபோதுதான் விழுந்துகொண்டிருக்கிறோம் என்று தெரிந்தது. கீழே ஒரு பாறை தடுத்தது.

வலது கால் ஒரு தினுசாகத் திரும்பியிருந்தது. ஜீப்பின் பின்சீட்டில் படுக்கவைத்தார்கள். வெள்ளைத்துரை அருணாவிடம் மெதுவாகச் சொன்னார்: "இனிமே கூட்டிட்டு வராத தாயி."

வளைவுகளில் ஜீப்பு இறங்கியது. இடுப்பில் வலி தெறித்தது. கூரையைப் பார்த்தபடியே அவன் கேட்டான்: "கையைக் கொஞ்சம் பிடிச்சுக்கயேன்."

அருணா பக்கம் தலையைத் திருப்பிப் பார்த்தான். அவள் இரண்டு கைகளாலும் அவன் கையை ஏற்கெனவே இறுக்கிப் பிடித்திருந்தாள். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டு வந்தான். எங்கேயோ கண் செருகிவிட்டது. விழித்தபோது ஜீப்பு போடி ஆஸ்பத்திரி வாசலில் நின்றிருந்தது. ஆள் கூப்பிட அருணா உள்ளே போயிருந்தாள். எப்போது கையை விட்டாள் என்று அவனுக்குத் தெரியவில்லை.