பசி என்று சொல்லும்வரை

வண்டிப்பெரியார் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் குருவம்மாளுக்கு அன்று விடிந்ததிலிருந்தே இருப்புக்கொள்ளவில்லை. எட்டு நாளாகக் காய்ச்சலில் கிடந்த புருஷன் சுருளிவேலுக்கு அன்றுதான் முதல் சோறு. வைத்தியர் சொன்னபடி, ஒரு வருஷத்துப் பழைய அரிசியையும் வறுத்த பாசிப்பருப்பையும் குழைய வேகவைத்து, சுக்கு, மிளகு, சீரகம் தட்டிப்போட்டு, நெய்யில் தாளித்து இறக்கிவிட்டாள்.

வைத்தியர் இன்னொன்றும் சொல்லியிருந்தார். “பசிக்குதுன்னு அவனாக் கேக்கணும். அதுக்கு முன்னாடி குடுத்தா வயிறு ஏத்துக்காது, காய்ச்சல் திரும்பிரும்.”

சுருளிவேல் கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தான். அவள் சட்டியைத் திறந்தாள், மூடினாள். வாசலுக்குப் போய் மழையைப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். வேலைக்கு ஆள் கூப்பிடும் கொம்பு ஊதியது.

“ஏங்க, எதுவும் சாப்பிடணும்போல இருக்கா?”

“ஒண்ணும் வேண்டாம். நீ வேலைக்குப் போ.”

நேற்றும் இதே பதில்தான். இனி இவருக்குப் பசிக்கவே பசிக்காதோ? கூடையை எடுத்தாள், வைத்தாள். ஒரு வாய் ஊட்டிவிட்டுப் போனால்தான் என்ன என்று கரண்டியைச் சட்டிக்குள் விட்டாள். மிளகும் நெய்யும் மணக்க ஆவி எழுந்தது. பயந்துபோய் மறுபடி மூடினாள்.

“ஏ புள்ள,” என்றான் சுருளிவேல் எரிச்சலாக. “அதைத் தொறந்து தொறந்து மூடிக்கிட்டே இருக்கியே! மனுசனுக்குப் பசிக்குதுல்ல, போடு!”

குருவம்மாள் அழுதுகொண்டே பரிமாறினாள். அவன் வழித்துத் தின்றுவிட்டு இன்னும் கேட்டான். “மிச்சம் மத்தியானந்தான்,” என்று சொல்லிவிட்டு மழையில் ஓடினாள்.

பிந்தி வந்தவளுக்கு வேலை கிடையாது என்று கங்காணி திருப்பி அனுப்பினார். போனதைவிட வேகமாக வீடு திரும்பினாள்.