டீச்சரம்மா கொடுத்த கரி

பெயர் வரவேண்டும் என்று ஆசைப்படுவது பாவமா? பாவமென்றால் சந்திரகலா அந்தப் பாவத்தைச் செய்தவள்தான். மூன்று வருஷம் சுரங்கத்து நிலக்கரியை அமிலத்தில் கரைத்துக் கரைத்து, மைக்ராஸ்கோப்பில் கண்ணைக் கொடுத்து, எந்தக் காலத்திலோ இந்த மண்ணில் நின்ற காட்டின் மகரந்தத்தைத் தேடிப் பிடித்தவள் அவள். கட்டுரை அச்சில் வந்தபோது அதில் இருந்த ஒரே பெயர், பல்கலைக்கழகத்தில் அவளுக்கு மேலே இருந்த பேராசிரியர் சிங்காரவேலுடையது. கடைசியில் பொடி எழுத்தில், ‘கரி சேகரித்து உதவிய திருமதி மருதாசலத்துக்கு நன்றி’ என்று ஒரு வரி. அதுவும் புருஷன் பெயர்! வயிறு பற்றி எரியாதா?

“அப்புறம் எதுக்கு இந்தக் கருமத்தையே கட்டிட்டு அழுவறே? யாருக்காக?” என்றார் சுரங்கத்தில் ஃபோர்மனாக இருந்த மருதாசலம். எரிச்சலில் அவள் குழம்பில் உப்பை அள்ளிப் போட்டாள்.

இந்தச் சமயத்தில்தான் அது கிடைத்தது. ஒரு கரித்துண்டுக்குள் முழுசாக ஒரு காய், உள்ளே விதையோடு. பேராசிரியருக்கு மூச்சுக்கூட விடவில்லை. அடுத்த வாரம் கடலூரிலிருந்து போட்டோக்காரர் வருவார், படம் எடுத்ததும் தன் பெயரிலேயே எழுதிவிடுவது என்று முடிவு செய்தாள். காய்ந்தால் கரி விரிசல் விட்டு உதிர்ந்துவிடும். அதனால் ஈரத்துணியில் சுற்றியே வைத்திருந்தாள்.

வைத்தவள் சும்மா இருந்தாளா? இருக்க முடியவில்லையே! கண்டதை நாலு பேரிடம் சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும்போல் இருந்தது. டவுன்ஷிப் மாதர் சங்கத்துச் செயலாளர் தமயந்தி வந்து, “எங்க சங்கத்துல ஏதாவது பேசுங்களேன்” என்றதும், சரி என்று தலையாட்டிவிட்டாள்.

தமயந்தி போர்டில் ‘கரியைப் பற்றிப் பேச்சு’ என்று எழுதிப்போட்டாள். குவார்ட்டர்ஸ் முழுக்கக் கரியடுப்பு வந்து, பெண்கள் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்த நேரம் அது. ஹாலில் நிற்க இடமில்லை. சந்திரகலாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. காட்டைப் பற்றிச் சொன்னாள், மரங்களைப் பற்றிச் சொன்னாள், கொண்டுவந்திருந்த கரித்துண்டுகளை மேஜையில் பரப்பி, துணியைப் பிரித்துக் காயைக் காட்டினாள்.

“அதெல்லாம் இருக்கட்டும் டீச்சரம்மா, பொக வராம எரிக்கறதுக்கு என்னா வழி?” என்று முன்வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது. மேடை ஏறிப் பேசுபவர் எல்லாம் அவர்களுக்கு டீச்சரம்மாதான்.

“அது எனக்குத் தெரியாதுங்க” என்றாள். ஹாலே ‘உச்’ கொட்டியது. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அந்தச் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஜாம் செய்து காட்டினாலும் சோப்பு செய்து காட்டினாலும், கடைசியில் ஆளுக்குக் கொஞ்சம் சாம்பிள் எடுத்துப்போவார்கள். சங்கத்துப் பக்கமே எட்டிப்பார்க்காத சந்திரகலாவுக்கு இது எப்படித் தெரியும்? தமயந்தியோடு பக்கத்து அறையில் காபி குடித்துவிட்டுத் திரும்பினால், மேஜையில் ஒரு துண்டு கரிகூட இல்லை. ஈரத்துணியை மட்டும் யாரோ ஒழுங்காக மடித்து வைத்திருந்தார்கள்.

அன்று இரவும் மறுநாளும் வீடு வீடாக ஓடினாள். கடைசியில், முன்வரிசையிலிருந்து கேள்வி கேட்ட பட்டம்மாள் வீட்டு வாசலில் நின்று, மூச்சு வாங்க, “காய் இருந்த கரி… நீங்க எடுத்தீங்களா?” என்றாள்.

“ஆமாங்க, நான்தான். ஈரமா இருந்துது, வெயில்ல காயவெச்சு அடுப்புல போட்டேன். அடேங்கப்பா! சோறு வேவற வரைக்கும் எரிஞ்சிகினே இருந்துது. பொட்டுப் பொகை இல்ல!”

சந்திரகலா அடுப்பருகே உட்கார்ந்து சாம்பலைக் கிளறினாள். ஒன்றுமில்லை. கண்ணீர் சாம்பலில் சொட்டியது.

“ஏங்க அழுவறீங்க?” பட்டம்மாள் பதறிப்போனாள். “நான் ஒண்ணும் மறைக்கல டீச்சரம்மா. பொகையாத கரியக் கண்டுபுடிச்சது எங்க சந்திரகலா டீச்சரம்மாதான்னு எல்லா பிளாக்குலயும் உங்க பேரச் சொல்லித்தான் சொல்லிகினு வந்தேன்.”